டெல்டாவில் உலக அமைப்போடு சேர்ந்து ஒரு திட்டம்: சின்ன அறக்கட்டளை இறங்கலாமா?

மலர்_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு குடும்ப அறக்கட்டளையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இதுவரை பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, கண் சிகிச்சை முகாம் என்று செய்துகொண்டிருந்தோம். இப்போது காவிரி டெல்டாவில் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குகிற நெல் சாகுபடிக்காக மூன்று வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்க அறங்காவலர்கள் முன்வந்திருக்கிறார்கள். தனியாகச் செய்யாமல் ஐ.நா. அமைப்பு ஒன்றோடு, அல்லது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற ஒன்றோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. திட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எத்தனை விவசாயிகளுக்குப் பயிற்சி, எத்தனை ஏக்கர், எத்தனை சுய உதவிக் குழு என்று படிவம் கட்டம் கட்டமாகக் கேட்கிறது. நாங்கள் கிளம்பிப் போன பிறகு அங்கே என்ன மிச்சமிருக்கும் என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. பெரிய அமைப்போடு சேர்ந்தால் எங்கள் பணம் ஆற்றில் கரைத்த புளியாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அறப்பணமும் உலக அமைப்பும் சேர்ந்து உருப்படியாக ஏதாவது நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? வயல் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வெண்ணாற்றுக்கரை:

மலரம்மா, நான் வேளாண்மைத் துறையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம்தான். என் அப்பா 1960களில் கிராம சேவக், அதாவது ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் அரசு ஊழியர். அதனால் நீங்கள் கேட்பது எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசிப் பேசித் தேய்ந்த விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1959இல் ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய குழு ஒன்று இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை கொடுத்தது. அதன்படி 1960-61இல் ஏழு மாவட்டங்களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. சென்னை மாநிலத்தில் எடுத்தது தஞ்சாவூர். ஊரில் அதற்குப் பெயர் பேக்கேஜ் திட்டம். விதை, உரம், கூட்டுறவுக் கடன், ஆலோசனை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே விவசாயிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதில் புதுசு. அப்பா சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வீட்டுக்கும் சாகுபடித் திட்டம் எழுதிக் கொடுப்பார். மண் மாதிரி எடுத்த துணிப் பைகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வரிசையாகக் கிடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, பேக்கேஜ் வந்துவிட்டது, அதில் வைக்க நல்ல விதை வேண்டுமே? அது வேறொரு வழியில் வந்தது. 1950களில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலப்பதற்குக் கட்டாக்கில் ஒரு திட்டம் நடத்தியது. அதில் ஜப்பானின் நோரின் 10 நெல்லை நம்ம கோயம்புத்தூர் ஜி.இ.பி. 24ஓடு சேர்த்த கலப்பிலிருந்து ஆடுதுறையில் தேர்ந்தெடுத்ததுதான் ஏ.டி.டி. 27. ஜி.இ.பி. 24 என்றால் புரியாது, கிச்சிலிச் சம்பா என்றால் உங்கள் பாட்டிக்குத் தெரியும். ஏ.டி.டி. 27க்கு வயது 105 நாள். குறுவைக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது.

இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் வந்தவை அல்ல. ஒன்று அமெரிக்க அறக்கட்டளைப் பணம், இன்னொன்று ஐ.நா. அமைப்பின் பொறுமையான வேலை. ஆனால் இரண்டையும் வாங்கி வயலில் சேர்த்து வைக்க ஆடுதுறையில் ஒரு ஆராய்ச்சி நிலையமும், ஊருக்கு ஒரு கூட்டுறவு சங்கமும், சைக்கிளில் ஒரு கிராம சேவக்கும் ஏற்கனவே இருந்தார்கள். நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான். வாங்கிக்கொள்கிற கை ஊரில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய அமைப்பு வந்தாலும் பணம் தரையில்தான் சிந்தும்.

இப்போது நீங்கள் பெயர் சொன்ன சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வருகிறேன். ஃபோர்டும், ராக்ஃபெல்லர் என்ற இன்னொரு அமெரிக்க அறக்கட்டளையும் சேர்ந்து பிலிப்பைன்ஸ் அரசோடு 1960இல் லாஸ் பானோஸில் அதைத் தொடங்கினார்கள். 1966இல் ஐ.ஆர். 8 வந்தது. குட்டை ரகம், உரம் போட்டால் சாயாது, விளைச்சல் கொட்டியது. ஆனால் சோறு ஆறினால் விறைத்துப் போகும், பூச்சிக்கும் நோய்க்கும் தாங்காது. அதைச் சரிக்கட்ட வந்த ரகங்களில் ஒன்று 1969இன் ஐ.ஆர். 20. அதன் பெற்றோரில் ஒன்று நம் திரூர்க்குப்பம் நிலையத்தின் டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காக எடுத்துக்கொண்டது. ஐ.ஆர். 20 இங்கே எத்தனை வருடம் சம்பாவில் ஓடியது என்று எந்தத் தஞ்சாவூர்க்காரரையும் கேளுங்கள்! உலக நிலையம் நமக்குக் கொடுத்தது என்று மட்டும் பேசுகிறோம். நாம் அதற்குக் கொடுத்ததும் உண்டு.

நீங்கள் அறங்காவலர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி அடுத்தது. 1960களின் கடைசியில் நெல்லுக்கு, கோதுமை மக்காச்சோளத்துக்கு, வெப்பமண்டலப் பயிர்களுக்கு என்று இப்படி நான்கு நிலையங்கள் ஆகிவிட்டன. இனி இரண்டு அறக்கட்டளைகளால் மட்டும் தாங்க முடியாது என்று அவர்களே உணர்ந்தார்கள். 1969இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லருக்குச் சொந்தமான மாளிகையில் உலக வங்கி, உணவு வேளாண் அமைப்பு, ஐ.நா. வளர்ச்சித் திட்டம், கொடை தரும் நாடுகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அதிலிருந்து 1971இல் சி.ஜி.ஐ.ஏ.ஆர். என்ற கூட்டமைப்பு பிறந்தது. ஒவ்வொரு கொடையாளரும் தனக்குப் பிடித்த நிலையத்துக்குக் கொடுக்கலாம், துண்டு விழுவதை உலக வங்கி நிரப்பும் என்று ஓர் ஏற்பாடு. தொடங்கியவர்கள் "இது எங்களுடையது" என்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டார்கள். அந்த நிலையம் இன்னும் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லாஸ்பானோஸ்_பழகியவன்:

ஐயா சொன்ன நிலையத்தில் நான்கு வருடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த நல்ல ஏற்பாடு நாளாக ஆக மெலிந்துவிட்டது. பொதுவாகக் கொடுத்த பணம் சுருங்கி, "இந்த வேலைக்கு மட்டும், இத்தனை மாதத்துக்குள்" என்று கட்டிக் கொடுக்கும் பணம் பெருகியது. 2010க்குப் பிறகு கொடைப் பணத்தை மூன்று ஜன்னல்களாகப் பிரித்தார்கள். முதல் ஜன்னலில் போட்டால் கூட்டமைப்பு முழுவதற்கும், இரண்டாவதில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு, மூன்றாவதில் குறிப்பிட்ட நிலையத்தின் குறிப்பிட்ட வேலைக்கு. கொடுப்பவர்களுக்கு மூன்றாவது ஜன்னல் மேல்தான் ஆசை, ஏனென்றால் பெயர் தெரியும், படம் எடுக்கலாம். நான் வேலை செய்த குழுவில் மூன்று கொடையாளர்களுக்கு மூன்று மாதிரி அறிக்கை எழுதவே ஒருவர் தேவைப்பட்டார்.

யாரும் ஆசைப்பட்டுப் பணம் தராத இடம் ஒன்று உண்டு: விதை வங்கியின் குளிர் அறை. அங்கே 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. திறப்பு விழா கிடையாது, மூன்று வருடத்தில் முடிகிற வேலையும் கிடையாது, மின் கட்டணம் மட்டும் எல்லா வருடமும் வரும். கம்போடியாவில் போல் பாட் என்ற சர்வாதிகாரியின் காலம் முடிந்தபோது விவசாயிகளின் பழைய நெல் ரகங்கள் பெரும்பாலும் அழிந்திருந்தன. அதற்கு முன்பே சேகரித்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான ரகங்களை 1980களில் அந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தது இந்தக் குளிர் அறைதான். 2018இல் பயிர் அறக்கட்டளை என்ற சர்வதேச அமைப்பு இதற்கு ஆண்டுக்கு 14 லட்சம் டாலர் நிரந்தரமாகத் தருவதாக ஒப்பந்தம் போட்டது. அந்த அமைப்பு ஒரு மூலதன நிதி வைத்திருக்கிறது, அதன் வருமானத்தில் இந்தச் செலவு நடக்கிறது. கொடுத்தால் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மலர், ஒரு சின்ன வேண்டுகோள். யாரோடு சேர்ந்தாலும் தனிப் படிவம் கேட்காதீர்கள். அவர்கள் ஏற்கனவே எழுதுகிற அறிக்கையையே வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழ்வேளூர்_பேத்தி:

என் பாட்டி நடவாள். சாகும் வரை அவர் பெயரில் ஒரு குழி நிலம் இருந்ததில்லை.

பேக்கேஜ் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விளைச்சலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே தஞ்சை மாவட்டத்தில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான், கீழ்வெண்மணி. விளைந்த நெல்லில் கூலியாகக் கொஞ்சம் கூடுதல் கேட்டார்கள் வயல் கூலியாட்கள். 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அதற்குக் காரணம் ஃபோர்டு என்றோ ஐ.நா. என்றோ நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடங்களில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள், அறுத்த கைக்கு எத்தனை மரக்கால் என்றும் கேட்டிருக்க வேண்டாமா?

இன்றைக்கும் "விவசாயிகளுக்குப் பயிற்சி" என்றால் நிலம் இருப்பதைக் காட்டும் சிட்டா அடங்கல் கொண்டு வா என்கிறார்கள். நாற்று பறிக்கிறவளுக்கு, களை எடுக்கிறவளுக்கு ஏது சிட்டா? உங்கள் படிவத்தில் எங்களுக்கு ஒரு கட்டம் போடுங்கள் அக்கா.

வெண்ணாற்றுக்கரை:

பேத்தி சொல்வது உண்மை. அப்பா எழுதிய சாகுபடித் திட்டங்களில் கூலியாள் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். கீழ்வெண்மணிக்குப் பிறகு பல மாதம் அவர் வீட்டில் சரியாகப் பேசவே இல்லை என்று அம்மா சொல்வார். இதை என் முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

மலரம்மா, இனி உங்கள் ஒன்றரைக் கோடிக்கு வருகிறேன்.

2008 நவம்பரில் நிஷா புயல். ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வாரத்துக்கு மேல் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு சேதக் கணக்கு எடுக்கப் போனேன். வரப்பில் நிற்க முடியவில்லை, அழுகிய வாடை. ஒரு அம்மா நாற்றைப் பிடுங்கிக் காட்டினார், தண்டு கையோடு குழைந்து வந்தது. "இதுக்கு என்ன மருந்து சார் அடிக்கணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்போது எனக்குத் தெரியாது, பதில் ஏற்கனவே இருந்தது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நாட்டு நெல் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அந்தக் குணத்தைத் தருகிற சப் 1 மரபணுவைப் பிடிக்கப் பல நாட்டு விஞ்ஞானிகள் பல வருடம் வேலை செய்தார்கள். 2006இல்தான் அது முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது. 2009இல் ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் வெளியானது. அப்புறம் அதை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க கேட்ஸ் அறக்கட்டளைப் பணம் உதவியது. அதே வழியில் நம் டெல்டாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 வந்தது. பழைய சி.ஆர். 1009 எங்கள் விவசாயிகளுக்குக் கைப்பழக்கமான சம்பா ரகம். அதனால் புது ரகம் என்ற பயமில்லாமல் வாங்கினார்கள். தண்ணீர் வடிந்த பத்தாம் நாள் அந்தப் பயிர் மறுபடி பச்சை விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன், மலரம்மா. அன்றைக்கு அந்த அம்மாவைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆகவே விதை வாங்கிக் கொடுக்கப் பணம் செலவழிக்காதீர்கள். அதைத் துறையே வேளாண் விரிவாக்க மையத்தில் தருகிறது. அந்த விதைக்கும் எல்லை உண்டு. இளம் பயிரில் இரண்டு வாரம் தாங்கும், கதிர் முற்றிய பிறகு மூழ்கினால் அதுவும் போச்சு. தண்ணீர் வடியாத வயலில் எந்த ரகமும் நிற்காது.

வடிகாலுக்கு உலக அமைப்பின் பணம் வந்திருக்கிறது. வெண்ணாறு உபவடிநிலத்துக்கு 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு போன்ற பெரிய ஆறுகளைச் சீர்செய்ய. அவ்வளவு பெரிய கடன் வயலோரத்துக் கடைசிக் கிளைகளான சி, டி வாய்க்கால் வரை குனிந்து பார்க்காது. ஆனால் தண்ணீர் வயலை விட்டுக் கிளம்புவது அங்கேயிருந்துதான். எந்த வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது, எந்த மதகுக்குப் பலகை இல்லை, எது ஆக்கிரமிப்பு என்பது ஊருக்குத் தெரியும், திட்டப் பொறியாளருக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போய் உட்கார்ந்து, கூலிக்குப் போகிற பெண்களையும் கூட வைத்துக்கொண்டு, பத்து ஊருக்கு வடிகால் வரைபடம் போடுங்கள். வரைந்தவர்களுக்கு நாள் கூலி கொடுங்கள். அந்த வரைபடத்தோடு நீர்வளத் துறையிடமும் பெரிய அமைப்பிடமும் போனால் நீங்கள் சின்னவர்கள் இல்லை.

இன்னொன்று. மூன்று வருடம் வேண்டாம். அதே பணத்தை எட்டு வருடத்துக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டெல்டாவில் ஒரு பெருவெள்ளமும் ஒரு வறட்சியும் பார்க்காத திட்டம் எதையும் கற்றுக்கொண்டிருக்காது.

மலர்_கோவை:

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன்.

நேற்று மாலை மூத்த அறங்காவலரிடம் எட்டு வருடம் என்று சொல்லிப் பார்த்தேன். முதலில் முகம் சுளித்தார். ஃபோர்டும் ராக்ஃபெல்லரும் தாங்கள் கட்டியதைப் பொதுவில் விட்ட கதையைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்து, "ஐந்து வருடம் என்று எழுது, மீதியைப் பிறகு பேசலாம்" என்றார். குறிப்பிலிருந்து விதை விநியோகத்தை எடுத்துவிட்டேன். "சிட்டா இல்லாத பெண் தொழிலாளர்கள்" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அவர்களை வேறு எப்படிக் குறிப்பிடலாம் என்று கீழ்வேளூர்_பேத்தி சொன்னால் மாற்றிவிடுகிறேன், எழுதும்போதே அந்தப் பெயர் எனக்கு உறுத்தியது.

ஐயா, ஐப்பசி முதல் வாரம் திருத்துறைப்பூண்டி வருகிறேன். எந்த ஊரில் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கீழ்வேளூர்_பேத்தி:

"நடவாட்கள்" என்றே எழுதுங்கள் அக்கா. எங்களை நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.