மீட்டியர், மீட்டியராய்டு, மீட்டியரைட்: வெள்ளிக்கிழமைக்குள் மூன்று சொல் வேண்டும்

திண்டுக்கல் ஆசிரியை, திங்கள் இரவு 9.40

குழுவினருக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பாறையும் வானமும் சேர்ந்த செயல்தாள் ஒன்று தயாரிக்கிறேன். வெள்ளி மாலை டிடிபி கடையில் கொடுத்தாக வேண்டும். டிசம்பர் 13 இரவு ஜெமினிட் மீட்டியர் பொழிவு. மைதானத்தில் தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்துக் காட்டப் போகிறோம்.

விண்வெளியில் திரியும்போது மீட்டியராய்டு. காற்றுக்குள் பாய்ந்து கோடாக ஒளிர்ந்தால் அந்த ஒளி மீட்டியர். தீர்ந்துபோகாமல் தரைக்கு வந்த மிச்சம் மீட்டியரைட். மூன்றுக்கும் என் கையில் இருப்பது ஒரே சொல், விண்கல்.

போன வருடம் 'இன்று இரவு விண்கல் மழை' என்று சுற்றறிக்கை விட்டேன். ஒரு மாணவியின் அப்பா போன் செய்து, "டீச்சர், வண்டி வெளியில நிக்குது, ஷெட்டுல விட்டுரவா?" என்றார். மூன்று பிள்ளைகளை வீட்டில் அனுப்பவே இல்லை. தேர்வில் ஒரு பையன் 'சந்திரயான் ஒரு விண்கல்' என்று எழுதியிருந்தான். கலத்தைக் கல்லாக்கிவிட்டான். அரை மதிப்பெண் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

ஒளிக்கு ஒரு சொல், கல்லுக்கு ஒரு சொல். அதுவாவது கொடுங்கள்.

பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர், திங்கள் இரவு 11.15

அம்மா, முதலில் 'விண்கல்' என்பதே பிழை. 'ணன வல்லினம் வரட் டறவும்' என்பது நன்னூல்; வல்லினம் வந்தால் ண், ன் இரண்டும் ட், ற் ஆகும். விண்ணிலிருந்து வந்த கல் வேற்றுமைப் புணர்ச்சி. ஆகவே மட்குடம், கட்செவி போல விட்கல். தொல்காப்பியர் 'விண்ணென வரூஉம் காயப்பெயர்' (காயம் என்றால் ஆகாயம்) என்று தனி நூற்பாவே வைத்து அத்துச் சாரியை கொடுக்கிறார், 'விண்ணத்துக் கொட்கும்' என்பதுபோல. ஆனால் அது செய்யுளில் தொழிற்சொல் வரும்போது மட்டும். கல் தொழிற்சொல் அன்று. எனவே விட்கல்தான்.

ஒளிக்குப் புதுச்சொல் எதற்கு? புறநானூறு 229-இல் கூடலூர் கிழார் பாடிவைத்திருக்கிறார்: 'ஒருமீன் வீழ்ந்தன்றால் விசும்பி னானே.' பங்குனி மாதம், நள்ளிரவு, எந்த நாள்மீன் உச்சியில், எது எழுகிறது, எது அடைகிறது, எல்லாம் குறித்திருக்கிறார். அது வடக்கும் போகவில்லை, கிழக்கும் போகவில்லை என்று திசை வரை உண்டு. அதைக் கண்ட ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான். ஆகவே வீழ்மீன்.

வான்நோக்கர், கோவை, செவ்வாய் காலை 6.50

> எனவே விட்கல்தான்

ஐயா, மட்பாண்டம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தையில் விற்பது மண்பானை. வாட்சப்புக்குக் 'கட்செவி அஞ்சல்' என்று பெயர் வைத்தோம். கட்செவி என்றால் பாம்பு என்று நீங்கள்தானே இதே குழுவில் சொன்னீர்கள்? 'விட்கல்' என்று பலகையில் எழுதினால், எதை விட்ட கல் என்று பையன்கள் கேட்பார்கள்.

வீழ்மீன் அழகு. ஆனால் அது மீன் அல்ல என்பதுதானே பாடமே? ஜெமினிடில் நாம் பார்க்கும் கோட்டில் பெரும்பாலானவை மணல், சிறு பருக்கை அளவுத் துகள்கள். வினாடிக்கு 35 கி.மீ. வேகத்தில் வந்து, தரைக்கு 80 கி.மீ. மேலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகஸ்டில் வரும் பெர்சீட் இன்னும் விரைவு, வினாடிக்கு 59 கி.மீ. ஒன்றும் தரைக்கு வராது. வண்டியை ஷெட்டில் விட வேண்டாம் என்று அந்த அப்பாவிடம் சொல்லுங்கள்.

தொலைக்காட்சி இன்னொரு கூத்து பண்ணுகிறது. 'பூமியை நோக்கி ராட்சத விண்கல்' என்று அவர்கள் அலறுவது சிறுகோளை. 2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் என்ற சிறுகோள் பக்கத்தில் வந்து போகும்போது என்ன அலறல் இருக்கும் என்று இப்போதே காதில் கேட்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் பகல் 1.05

வணக்கம் ரீச்சர். எங்கட பக்கம் நட்சத்திரத்தையும் வெள்ளி எண்டுதான் சொல்லுறது. நீங்கள் வால்நட்சத்திரம் எண்டுறதை நாங்கள் வால்வெள்ளி எண்டுவம். அதே ஓட்டத்தில எரிவெள்ளி. தமிழ்நாட்டுப் பிள்ளையளுக்கு வெள்ளி எண்டால் கோளோ, கிழமையோ, கொலுசோ எண்டு குழப்பம் வரலாம். ஆனாலும் பட்டியலில ஒரு ஓரத்திலயாவது போடுங்கோ.

நிலவியலாளர், சேலம், செவ்வாய் மாலை 5.30

எரி என்ற முன்னொட்டை எதிர்க்கிறேன். அங்கே எதுவும் எரிவதில்லை. துகளுக்கு முன்னால் காற்று நெருக்குண்டு வெப்பமேறுகிறது, துகளின் மேற்பரப்பு ஆவியாகிறது, அந்த ஆவியும் காற்றும் ஒளிர்கின்றன. உராய்வு என்று பாடம் நடத்துவதும் முழுச் சரி அல்ல.

கல் என்ற பின்னொட்டும் இடிக்கிறது. 1898-இல் கொடைக்கானல் பக்கம் கிடைத்த மீட்டியரைட் இரும்பு. உள்ளே சிலிக்கேட் (பாறைக் கனிமம்) குமிழ்கள் உள்ள அபூர்வ வகை. கிடைத்த ஊரின் பெயரே கல்லுக்கும் பெயர் என்பது மரபு, ஆகவே உலகம் முழுக்க அதற்குக் 'கொடைக்கானல்' என்றுதான் பெயர். அடுத்த ஆண்டு அதே மலையில் சூரிய ஆய்வகம் வந்தது. வானம் முந்திக்கொண்டது என்று வகுப்பில் சொல்லலாம்.

1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்தது வேறு கதை. செவ்வாயிலிருந்து பெயர்ந்து வந்த பாறை அது. அந்த வகைக்கே ஷெர்கொட்டைட் என்று பெயர். செயல்தாளில் இவை இரண்டையும் சேருங்கள். பிள்ளைகளுக்கு மீட்டியரைட்டை அடையாளம் காட்ட முதல் குறி மேலோடு: உருகி உறைந்த மெல்லிய கருந்தோல், ஒரு மில்லிமீட்டர் போல இருக்கும். எங்களிடம் பிள்ளைகள் கொண்டுவரும் 'விண்கல்' பத்தில் பத்தும் இரும்பு உருக்காலைக் கசடாக இருக்கும். நுண்துளை தெரிந்தாலே சந்தேகப்படுங்கள்.

பேராசிரியர், செவ்வாய் இரவு 10.20

> கொடைக்கானல்

அன்பரே, கோடைக்கானல். புறநானூறு 205-இல் கடிய நெடுவேட்டுவனைக் 'கோடைப் பொருந' (கோடை மலைத் தலைவனே) என்கிறார் பெருந்தலைச் சாத்தனார். கொடை என்று எழுதுவது யாருக்கு யார் கொடுத்த கொடையோ. இதுபற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

திண்டுக்கல் ஆசிரியை, புதன் காலை 7.10

ஐயா, தயவுசெய்து தனி இழையிலேயே தொடங்குங்கள்.

சேலம் சாருக்கு ஒன்று. டியூப்லைட் 'எரியுது' என்கிறோம். அதற்குள் தீயா இருக்கிறது? பல்பு எரிகிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கு மனு எழுதுகிறோம். தமிழில் எரிதல் ஒளிர்தலும்தான். எனக்கு எரி வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை, புதன் பகல் 12.45

ஒரு ஒழுங்குமுறை சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே வேர், பின்னொட்டு மட்டும் மாறுகிறது. கிரேக்கத்தில் அதன் பொருள் 'உயரத்தில் இருப்பது'. அதனால்தான் வானிலையியலுக்கும் (மீட்டியராலஜி) அதே வேர். இவற்றை இடி மின்னலோடு சேர்த்த காற்றுமண்டலச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தார்கள். 1803-இல் பிரான்சில் லெய்கில் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கல் விழுந்து, இயற்பியலாளர் பியோ போய் விசாரித்து எழுதிய பிறகே அறிஞர்கள் நம்பினார்கள்.

நாமும் வேரை நிறுத்திப் பின்னொட்டை மாற்றுவோம். 'ஆய்டு' என்றால் போன்றது. ஆக: விண்கொள்ளி, விண்கொள்ளிப்போலி, விண்கொள்ளிக்கல். நிகண்டிலேயே விண்வீழ்கொள்ளி இருக்கிறது. உற்கம் என்று வடசொல்லும் உண்டு, அதை நான் பரிந்துரைக்கவில்லை.

வான்நோக்கர், புதன் பகல் 1.00

போலியா? முதற்போலி கடைப்போலி எல்லாம் நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரிந்தது போலி டாக்டர். உண்மையான கொள்ளி வானத்தில் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

திண்டுக்கல் ஆசிரியை, புதன் மாலை 4.50

கொள்ளியை இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்று ஒரு குரல். அதோடு வகுப்பு முடிந்தது. அண்மையில் தாத்தாவுக்குக் கொள்ளி வைத்த பையன் ஒருவன் முன்வரிசையில் இருக்கிறான். வேண்டாம்.

ஆனால் ஒரு மாணவி நல்லது சொன்னாள். எரிநட்சத்திரம் விழுந்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும் என்று அவள் ஆச்சி சொல்வாராம். 'நட்சத்திரம்னு சொல்லாதீங்க மிஸ், ஆச்சிக்குப் பயம். எரிமீன்னா மீன் பொரிக்கிற மாதிரி இருக்கு, பயப்படாது' என்றாள்.

எரிமீன். பேராசிரியரின் மீனும் இருக்கிறது, என் எரியும் இருக்கிறது. விண்மீன் வேறு, எரிமீன் வேறு என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன்.

நிலவியலாளர், புதன் இரவு 8.15

மின் என்பதிலிருந்து மீன் வந்தது என்று கொண்டால், மின்னுவது மீன். அந்தப் பொருளில் எரிமீனுக்கு எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். தரையில் கிடப்பது விண்வீழ்கல். இரும்பானால் இரும்பு விண்வீழ்கல். கேட்க முரண்தான், இருக்கட்டும். இரும்பை உருக்கி எடுத்ததே கல்லிலிருந்துதானே.

திரிவதற்கு? சர்வதேச வானியல் ஒன்றியம் 2017-இல் சொன்ன வரையறைப்படி அது 0.03 மி.மீ. முதல் ஒரு மீட்டர் வரை. விண்துகள் என்றால் ஒரு மீட்டர்ப் பாறையும் துகளா? விண்கல் என்றால் தூசும் கல்லா?

வான்நோக்கர், வியாழன் காலை 6.30

விண்கல் என்றே விடுங்கள். திரியும்போது விண்கல், எரியும்போது எரிமீன், விழுந்தபின் விண்வீழ்கல். கல் அங்கேயும் இங்கேயும் இருக்கிறது, நடுவில் ஒளி. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் 2013 பிப்ரவரி 15 அன்று வந்தது ஏறக்குறைய 20 மீட்டர், அது சிறுகோள். அன்று வானில் பார்த்தது எரிமீன்களில் மாபெரும் எரிமீன். ஏரியிலிருந்து எடுத்த 600 கிலோவுக்கு மேற்பட்ட துண்டு விண்வீழ்கல். எரிமீன், விண்வீழ்கல் இரண்டு சொல்லும் ஒரே நிகழ்வில் பொருந்துகிறது.

திண்டுக்கல் ஆசிரியை, வியாழன் இரவு 10.05

பதில் எழுதிய ஐந்து பேரில் இரண்டு பேர் எரிமீனுக்கு, என்னோடு மூன்று. யாழ்ப்பாணத்துக்காக அடைப்புக்குள் எரிவெள்ளியும் போட்டிருக்கிறேன். விண்கல், எரிமீன், விண்வீழ்கல் என்று நாளை கொடுத்துவிடுகிறேன். பொழிவுக்கு 'எரிமீன் பொழிவு'. சுற்றறிக்கையில் கீழே தனி வரி: 'எதுவும் கீழே விழாது. போர்வை கொண்டுவரவும்.'

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு 10.40

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். ஒரே வேர் இல்லாத மூன்று சொற்கள் ஒரு குடும்பம் ஆகாது.

பேராசிரியர், ஞாயிறு காலை 9.00

செயல்தாளின் படத்தைப் பார்த்தேன். 'விண்வீழ் கல்' என்று நடுவில் இடம் விட்டு அச்சாகியிருக்கிறது. வீழ்கல் வினைத்தொகை, வினைத்தொகையைப் பிரித்து எழுதுவது எந்த இலக்கணத்திலும் இல்லை. 'விண்கல்' பற்றி நான் சொன்னதையும் யாரும் மறுக்கவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

திண்டுக்கல் ஆசிரியை, ஞாயிறு காலை 9.20

டிடிபி கடைக்காரர் வேலை ஐயா. 240 பிரதி ஆகிவிட்டது.