புதுப்பிப்பு: படத்தின் அடியில் விழுந்த கறுப்புப் பட்டை

தங்கையின் வளைகாப்புப் படங்களில் அடிப்பக்கம் கறுப்புப் பட்டை விழுகிறது, ஃபிளாஷ் பழுதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஃபிளாஷ் நன்றாகத்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது.

ஷட்டர் வேகத்தை 1/320 நொடியில் வைத்திருந்தேன். என் கேமராவின் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200. அதைத் தாண்டினால் ஷட்டரின் இரண்டு திரைகளில் முதல் திரை முழுதாகத் திறக்கும் முன்பே இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடும். ஃபிளாஷ் மின்னும் கணத்தில் படம் பதியும் சென்சாரின் ஒரு பகுதி திரைக்குப் பின்னால் இருக்கும். அதுதான் அந்தப் பட்டை. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தபோது பட்டை பக்கவாட்டுக்குப் போனதே, காரணம் ஷட்டர்தான் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த வேகத்தைத் தாண்ட விடாமல் கேமரா ஏன் தடுக்கவில்லை? ஃபிளாஷைக் கம்பியில்லாமல் மின்ன வைக்கும் என் ரேடியோ டிரிகரில், கேமராவோடு தொடும் பின் நடுவில் ஒன்றே ஒன்றுதான்; அது 'மின்னு' என்ற சைகையை மட்டுமே கடத்தும். ஃபிளாஷ் ஒன்று இருப்பதே கேமராவுக்குத் தெரியாது.

அப்புறம் இன்னொன்று: டிரிகர் கொஞ்சம் தாமதிப்பதால் 1/200இலும் நூல் மாதிரி ஒரு கோடு மிஞ்சியது. 1/160க்கு இறக்கியதும் போயே போச்சு.

ஹைஸ்பீடு சிங்க் ஃபிளாஷ் (சிங்க் வேகத்தைத் தாண்டியும் பட்டை விழாமல் வேலை செய்வது) வாங்கச் சொன்னவர்களுக்கு நன்றி. மண்டபத்துக்குள் எனக்கு அது தேவைப்படாது. அதில் வெளிச்சமும் குறையும்.

வளையல் அடுக்கிய கை பாதி மறைந்த படங்களை வெட்டி ஒப்பேற்றிவிட்டேன். தங்கையிடம் இன்னும் காட்டவில்லை.