பனிச்சறுக்கில் அடிபட்ட கட்டைவிரல்: யாரிடம் காட்டலாம்?

போச்சம்பள்ளி அருகே சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டுகிறவன் என் தம்பி. வயது 27. அவனுடைய வலது கட்டைவிரலில் பிடிமானமே இல்லை.

ஜனவரி கடைசியில் மணாலிக்குச் சுற்றுலா போனவன், சோலங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு ஆடும்போது ஊன்றுகோலைப் பிடித்தபடியே விழுந்தான். விழும்போது கோலை விட்டுவிட வேண்டுமாம். மாந்தோப்புக்காரனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

இன்றோடு ஏழு வாரம். விரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரல் பக்கம், சிறு முண்டும் வலியும் இருக்கின்றன. சாவியைத் திருப்ப முடியவில்லை, ஒட்டுக்கத்தி நழுவுகிறது.

அங்கேயே எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஊருக்கு வந்ததும் பத்து நாள் எண்ணெய்க்கட்டு போட்டோம் (என் பிடிவாதம்தான்). பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவர் நான்கு வாரம் விரலை அசையாமல் கட்டிவைத்தார். வீக்கம் வடிந்தது, பலம் திரும்பவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உள்பக்க லிகமென்ட் (மூட்டில் எலும்புகளைப் பிணைக்கும் நார்) முழுதாக அறுந்திருப்பது தெரிந்தது. அறுந்த முனை மடங்கி வெளியே சிக்கிக்கொண்டால் கட்டுப் போட்டாலும் ஒட்டாது, அறுவை சிகிச்சைதான் என்கிறார். தான் அதைச் செய்வதில்லையாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் வட்டாரத்தில் இந்தக் கட்டைவிரல் லிகமென்டைச் சரிசெய்து அனுபவமுள்ள கை அறுவை மருத்துவர் யார்?