சுளுக்கிய கணுக்கால் மலைக்குப் போகத் தயாரா என்று எப்படிப் பார்ப்பது?

பொகவந்தலாவை மகன்:
வணக்கம். அம்மாவுக்கு 49 வயது, தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறார். எட்டு வாரங்களுக்கு முன் மழையில், கூடையோடு கானை (தண்ணீர் வடியும் வாய்க்காலை) தாண்டும்போது வலது பாதம் உள்பக்கம் திரும்பி மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வீக்கம் வற்றி மூன்று வாரமாகிறது; லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நன்றாகவே நடக்கிறார். ஆனால் மலைக்குப் போன முதல் வாரத்திலேயே அதே கால் இரண்டு தடவை பிரண்டது. "வலி இல்லை, கால்தான் சொல் கேட்க மாட்டேன் என்கிறது" என்கிறார். வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை; போனால் எங்கே விழுவாரோ என்று பயமாக இருக்கிறது. நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன், வெள்ளி இரவு ஊருக்குப் போகிறேன். வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது இருக்கிறதா?

பதுளை இயன்மருத்துவர்:
தம்பி, அம்மா சொன்னதுதான் சரியான விளக்கம். இப்படி மடங்கும்போது பெரும்பாலும் அடிபடுவது கணுக்காலின் வெளிப்பக்க எலும்புக்குச் சற்று முன்னால் இருக்கும் தசைநார். அது எலும்புகளைச் சேர்த்துப் பிடிப்பதோடு, பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்ற உணர்வையும் மூளைக்கு அனுப்புகிறது. வலி போன பிறகும் அந்த உணர்வு மந்தமாக இருக்கலாம். 1965இலேயே ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய எலும்பு வைத்தியர் இதை எழுதி, சமநிலைப் பயிற்சியை வலியுறுத்தினார்.

முதலில் சுவர். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நிற்கட்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற மிகத் தூரமான இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை சென்றிமீற்றர் என்று இரண்டு காலுக்கும் அளந்து எழுதுங்கள். மேட்டில் ஏறவும் சரிவில் இறங்கவும் இந்த மடக்கு வேண்டும்.

அடுத்து ஒற்றைக்கால். கதவு நிலைக்குள் நிற்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். இடுப்பில் கை வைத்து 30 விநாடி, கண் திறந்து. பிறகு கண் மூடி. நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மற்றக் கால் எத்தனை தடவை தரையைத் தொட்டது, கை எத்தனை தடவை இடுப்பை விட்டது என்பதையும் எண்ணுங்கள். கண் மூடியதும் வலது கால் மட்டும் தடுமாறினால் பாத உணர்வு இன்னும் தேறவில்லை. நல்ல காலோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹப்புத்தளை அக்கா:
இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவள் நான். தம்பி, அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: நிரையில் போகும்போது பிரண்டதா, திரும்பி வரும்போதா? எனக்கு இடது கால் பிசகிய வருடம் ஒரு திசையில் ஒன்றும் ஆகாது. திரும்பினால் போதும், தேயிலைத் தூரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். வீட்டுத் தரையில் பார்த்தவர்கள் "சுகமாகிவிட்டது" என்றே சொன்னார்கள்.

பதுளை இயன்மருத்துவர்:
அக்கா, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். சரிவுக்குக் குறுக்கே நிற்கும்போது பள்ளப்பக்கத்துப் பாதத்தின் வெளி விளிம்பு தாழ்ந்து, உள் விளிம்பு உயர்ந்திருக்கும். சுளுக்கு விழும் அதே திசை. மேட்டுப்பக்கத்துப் பாதம் எதிர்த்திசையில் சாய்வதால் அதற்கு இந்த ஆபத்துக் குறைவு. ஆகவே தம்பி, கடைசிச் சோதனை லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில். மழை விட்ட பிறகு, கூடையில்லாமல், வலது கால் பள்ளப்பக்கம் வரும்படி குறுக்கே மெதுவாகப் பத்து அடி.

பொகவந்தலாவை மகன்:
பார்த்துவிட்டோம். சுவரில் இடது 10, வலது ஐந்தரை. கண் திறந்து இரண்டு காலும் 30 விநாடி, ஆனால் வலது காலில் நிற்கும்போது மூன்று தடவை மற்றக் கால் தரையைத் தொட்டது. கண் மூடி இடது 9 விநாடி, வலது 2. சரிவில் நான்காவது அடியிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டார். திசை மாறியதும் கையை விட்டுவிட்டு நடந்தார். இரண்டு தடவை பிரண்டதும் வலது கால் பள்ளப்பக்கம் இருந்தபோதுதானாம். அதுவரை யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை.

பதுளை இயன்மருத்துவர்:
அப்படியானால் இன்னும் மலைக்கு வேண்டாம். சுவர்ப் பயிற்சி தினமும் இரண்டு வேளை. ஒற்றைக்கால் நிற்பது தரையில் நிதானமானதும், இடுப்பில் கட்டும் படங்கை நாலாக மடித்து அதன்மேல். பிறகு சரிவில் வெறுங்கையோடு, அடுத்து வெறுங்கூடையோடு, கடைசியில்தான் பாரத்தோடு. கூடைக் கயிறு தலையைப் பின்னால் இழுப்பதால் நிற்கும் விதமே மாறும். அதையும் பழக வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது செருப்பு வேண்டாம். பிடிப்புள்ள சப்பாத்தும், கயிறு கட்டும் கணுக்கால் கவசமும் போடட்டும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் பிரண்டால், எலும்பு வைத்தியரிடம் காட்டி நாரின் தளர்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவை மகன்:
கங்காணியிடம் அளவுத் தாளையே காட்டினேன். நாளை காலை வேலை பிரிக்கும் பிரட்டில் அம்மாவுக்கு நாற்று வளர்க்கும் தவறணையில் பேர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே தரை மட்டம்.