வீரர் முழந்தாளிட்டால் இரசிகர் டீவியை நிப்பாட்டுவாரா? வினாக்கொத்துக்கு உதவி தேவை

வந்தாறுமூலை மாணவி:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். விடுகை வருட ஆய்வுக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பு, விளையாட்டு வீரர்களின் அரசியல் எதிர்ப்பு தொழில்முறை உதைபந்தாட்டத்தில் இரசிகருக்குள்ள ஆர்வத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது. வாசித்த கட்டுரைகளில் முக்கால்வாசி அமெரிக்காவைப் பற்றியவை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் 200 பேரிடம் வினாக்கொத்து கொடுக்க யோசனை. பிரதான கேள்வியை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"வீரர்கள் மைதானத்தில் அரசியல் எதிர்ப்பைக் காட்டுவதால் நீங்கள் உதைபந்தாட்டம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டீர்களா? ஆம் / இல்லை."

கேட்க வேண்டியவை மூன்று. அமெரிக்க வீரர் கொலின் கெப்பர்னிக் தேசிய கீதத்தின்போது முழந்தாளிட்டதால்தான் அமெரிக்காவில் பார்வையாளர் குறைந்தார்கள் என்பது உண்மையா? இங்கிலாந்திலும் அப்படி நடந்ததா? மேலே உள்ள கேள்வி சரியா?

வாவிமீன்:

தங்கச்சி, முதல்ல ஒரு இடத்தில சறுக்கி இருக்கிறீங்க. நீங்க வாசிச்ச கட்டுரையில வாற ஃபுட்போல், ஹெல்மட் போட்டுக்கொண்டு கையில முட்டை வடிவப் பந்தோட ஓடுற அமெரிக்க ஆட்டம். உங்கட வினாக்கொத்தில இரிக்கிறது உதைபந்தாட்டம். வெபர் மைதானத்தடியில நிண்டு இதைக் கேட்டா ஆக்கள் மெஸ்ஸியை நினைச்சுத்தான் மறுமொழி சொல்லுவாங்க. அமெரிக்க ஆட்டம் ஞாயிறு எங்கட நேரம் இரவு பத்தரைக்குத் தொடங்கும், நவம்பர் தொடக்கத்தில அமெரிக்க நேரம் மாறின பிறகு பதினொன்றரை. சுப்பர் போல் எண்ட இறுதியாட்டம் திங்கள் விடிய அஞ்சு மணிக்கு. இங்க ஆர் பார்க்கிறது? ஆகவே அமெரிக்காவைப் பின்னணி அத்தியாயத்தில வையுங்க, கள ஆய்வை உதைபந்தோட நிப்பாட்டுங்க.

மறுகா இலக்கங்களுக்கு வருவம். 2016 ஓகஸ்டில கெப்பர்னிக் முதல்ல செஞ்சது தேசிய கீதத்துக்கு எழும்பாம இருந்ததுதான். செப்டெம்பர் 1ஆம் திகதிதான் எரிக் ரீடும் அவரும் முழந்தாளிட்டாங்க. இருக்கிறதை விட முழந்தாளிடுறது மரியாதை எண்டு யோசனை சொன்னவர் நேட் போயர் எண்ட முன்னாள் இராணுவ வீரர். அந்தப் பருவத்தில என்.எஃப்.எல் எண்ட அமெரிக்க ஃபுட்போல் லீக்கின்ட ஆட்டமொண்டுக்குச் சராசரி டீவிப் பார்வையாளர் 8 வீதம் குறைஞ்சு 16.5 மில்லியனுக்கு வந்தது. 2017ல இன்னும் 9.7 வீதம் குறைஞ்சு 14.9 மில்லியன். இந்த ரெண்டு இலக்கத்தையும் பக்கத்தில வைச்சுத்தான் "எதிர்ப்பால ஆட்டம் அழியுது" எண்டு எழுதினாங்க.

ஆனா 2016ஐ ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் வரைக்கும் வீழ்ச்சி சுமார் 14 வீதம், தேர்தல் முடிஞ்ச பிறகு சுமார் 1 வீதம். கெப்பர்னிக் அதே மாதிரித்தான் முழந்தாளிட்டுக்கொண்டு இருந்தார். மாறினது தேர்தல் செய்தி. செப்டெம்பர் 26 திங்கள் இரவு ட்ரம்ப், ஹிலாரி முதல் விவாதத்தை 84 மில்லியன் பேர் பார்த்தாங்க. அதே நேரத்திலதான் திங்கள் இரவு ஆட்டமும். நட்சத்திர வீரர் பேய்ட்டன் மானிங் அந்த வருசம் ஓய்வு, இன்னொரு நட்சத்திரம் டொம் பிரேடிக்கு முதல் நாலு ஆட்டம் தடை. கேபிளை வெட்டிப்போட்டு இணையத்துக்குப் போறவங்க வேற.

2017 கொஞ்சம் வில்லங்கம். செப்டெம்பர் 22 முழந்தாளிடுறவங்களை அணியை விட்டுத் துரத்தணும் எண்டு ட்ரம்ப் அலபாமாவில பேசினதோட அந்த ஞாயிறே 200க்கு மேற்பட்ட வீரர்கள் முழந்தாளிட்டோ இருந்தோ எதிர்ப்புக் காட்டினாங்க. அவருக்கு வாக்குப் போட்டவங்களிட்ட என்.எஃப்.எல் மேல இருந்த நல்ல அபிப்பிராயம் சடுதியா விழுந்தது. அது உண்மையான தாக்கம், மறைக்கத் தேவையில்ல. ஆனா அபிப்பிராயம் வேற, டீவியை நிப்பாட்டுறது வேற. 2018ல 5 வீதம் ஏறி 15.8, 2019ல திரும்ப 16.5. முழந்தாளிட்டவங்க 2018ல குறைஞ்சு போனதால ஏறிச்சு எண்டும் சொல்லலாம்தான். அதுக்கு மறுமொழி 2020ல இரிக்கி. கறுப்பினத்தவரான ஜோர்ஜ் ஃபுளொய்டைப் பொலிஸ் கொலை செஞ்ச பிறகு லீக்கே எதிர்ப்பை ஏத்துக்கொண்டது. பார்வையாளர் 7 வீதம் குறைஞ்சாங்க. "பார்த்தீங்களா" எண்டாங்க. ஆனா அதே வருசம் கென்டக்கி டேர்பி குதிரைப் பந்தயம் 16 மில்லியனுக்கு மேல இருந்து 9 மில்லியன் சொச்சத்துக்கு விழுந்தது. குதிரை ஒண்டும் முழந்தாளிடல்லயே! கொரோனாவால மே மாதப் பந்தயம் செப்டெம்பருக்குத் தள்ளிப் போனதுதான் கதை. 2021ல என்.எஃப்.எல் 10 வீதம் ஏறி 17.1 மில்லியன்.

மருதமுனை விசில்:

உதைபந்தாட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் முழந்தாளிடுதல் 2020 ஜூன் 17, அஸ்டன் வில்லா – ஷெபீல்ட் யுனைட்டட் ஆட்டத்தில் தொடங்கியது. அப்போது மைதானத்தில் ஒரு இரசிகரும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை 5 சவுதாம்ப்டன் – மான்செஸ்டர் சிற்றி ஆட்டத்தை பிபிசியில் உச்சமாக 5.7 மில்லியன் பேர் பார்த்தார்கள், அப்போது அது பிரீமியர் லீக் சாதனை. வீரர்கள் முழந்தாளிட்டுத்தான் ஆட்டம் தொடங்கியது. இதை வைத்து "எதிர்ப்பு ஆர்வத்தைக் கூட்டியது" என்று எழுதினால் அதுவும் பிழை. ஆட்டம் இலவச ஒளிபரப்பு, சனம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலம்.

கூச்சல் எப்போது வந்தது? இரசிகர்களைத் திரும்ப உள்ளே விட்ட பிறகு. 2020 டிசம்பர் 5, மில்வோல் மைதானத்தில் 2,000 பேர்தான். டார்பிக்கு எதிரான ஆட்டத்தில் வீரர்கள் முழந்தாளிட்டபோது ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். 2021 ஜூனில் மிடில்ஸ்பரோவில் ஒஸ்திரியா, ருமேனியா ஆட்டங்களுக்கு முன் இங்கிலாந்து அணிக்கே அப்படி நடந்தது. பயிற்றுநர் சௌத்கேட்டின் அணி விட்டுக்கொடுக்காமல் யூரோ கிண்ணத் தொடர் முழுவதும் முழந்தாளிட்டது. இறுதியாட்டத்தை பிரித்தானியாவில் பிபிசி, ஐடிவி இரண்டிலும் சேர்த்து 30 மில்லியனுக்கு மேல் பார்த்தார்கள். கூச்சலிட்டவர் டிக்கெட் காசு கொடுத்து வந்தவர். ஆகவே உங்கள் வினாக்கொத்தில் "பிடிக்கவில்லை" ஒரு கேள்வி, "பார்ப்பதை விட்டேன்" இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றில் அடைக்க வேண்டாம்.

அடுத்தது சட்டம். எதிர்ப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போடுகிறார்கள். ஆட்டச் சட்டம் 4 இன்படி உடையிலோ உபகரணத்திலோ அரசியல், மத, தனிப்பட்ட வாசகமோ படமோ இருக்கக்கூடாது. முழந்தாளிடுவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. 2020 மே 31 ஜேர்மன் கழகமான டோர்ட்முண்டின் ஜேடன் சான்சோ கோல் அடித்துவிட்டு, ஜோர்ஜ் ஃபுளொய்டுக்கு நீதி கேட்கும் வாசகத்தைக் காட்ட மேற்சட்டையைத் தூக்கினார், மஞ்சள் அட்டை. அந்த அட்டை வாசகத்துக்கு அல்ல, சட்டையைத் தலைக்கு மேல் தூக்கியதற்கு. ஜேர்மன் சங்கம் பிறகு தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. செய்திகளில் "எதிர்ப்புக்கு அட்டை" என்று வந்ததை அப்படியே ஆய்வில் போட்டால் பரீட்சகர் பிடிப்பார்.

இன்னொரு பொறி. 2019 டிசம்பரில் ஆர்சனல் வீரர் மெசுட் ஒசில் சீனாவின் உய்குர் முஸ்லிம்களுக்காக எழுதினார். அந்த ஞாயிறு ஆர்சனல் – மான்செஸ்டர் சிற்றி நேரடி ஒளிபரப்பை சீன அரச தொலைக்காட்சி நிறுத்திவிட்டது. சீனாவில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் குறைந்தார் என்றால், ஆர்வம் குறைந்ததா, காட்டவில்லையா? கட்டார் 2022 உலகக் கிண்ணம் மறுபக்கம். ஜேர்மனி – ஜப்பான் ஆட்டத்தை ஜேர்மனியில் 9 மில்லியன் சொச்சம் பேர்தான் பார்த்தார்கள். 2018 இல் மெக்சிக்கோவுடனான முதல் ஆட்டத்துக்கு 25 மில்லியனுக்கு மேல். ஃபீஃபாவின் கைப்பட்டித் தடையை எதிர்த்து ஜேர்மன் வீரர்கள் வாயைப் பொத்திப் படம் எடுத்தது அந்த ஜப்பான் ஆட்டத்துக்குச் சற்று முன்தான், அதனால் குறைந்தது என்று சொல்ல வழியில்லை. புதன்கிழமை பகல் இரண்டு மணி ஆட்டம். அதோடு கட்டாரைப் பகிஷ்கரிக்கச் சொல்லி இரசிகர்களே பதாகை பிடித்த வருடம் அது. சில நேரம் எதிர்ப்பைக் காட்டுவது இரசிகர்தான்.

கல்லாறு கணக்கு:

வினாக்கொத்தைப் பார்ப்போம். தங்கச்சியின் கேள்வியில் பிழை மூன்று: காரணத்தை நீங்களே வாய்க்குள் ஊட்டுகிறீர்கள், குறைத்தாரா என்பதையும் ஏன் என்பதையும் ஒன்றாகக் கேட்கிறீர்கள், கூட்டியவருக்கு இடமே வைக்கவில்லை.

மூன்றாவது சிறிய விசயம் அல்ல. ஜே.டி. பவர் என்ற அமெரிக்க சந்தை ஆய்வு நிறுவனம் 2017 இல் 9,200க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டதில், முந்தைய பருவத்தில் பார்ப்பதைக் குறைத்தவர்களில் 26 வீதம் தேசிய கீத எதிர்ப்பைக் காரணமாகச் சொன்னார்கள். தலைப்புச் செய்தி எல்லாம் அந்த 26 தான். ஆனால் குறைத்தவர்களே மொத்தத்தில் 12 வீதம். நூற்றுக்கு 12 இன் 26 வீதம் ஏறக்குறைய 3. பார்ப்பதைக் கூட்டியவர்கள் 27 வீதம். உங்கள் 200 பேருக்கு இதே விகிதத்தைப் போட்டால் குறைத்தவர் 24, எதிர்ப்பைக் காரணம் சொல்பவர் 6 பேர். 6 பேரை வைத்து மட்டக்களப்பு – அம்பாறை வேறுபாடு, ஆண் – பெண் வேறுபாடு என்று அட்டவணை போடவே முடியாது.

கேள்விகளின் ஒழுங்கை இப்படி வையுங்கள். முதலில் நடத்தை: "கடந்த 4 வாரத்தில் முழுதாகப் பார்த்த ஆட்டங்கள் எத்தனை?" 0, 1–2, 3–5, 6க்கு மேல். ஃபோனில் பார்க்கும் ஹைலைட்ஸுக்குத் தனிக் கேள்வி, ஏனென்றால் இங்கு அநேகம் பேர் கோலை மட்டும்தான் பார்ப்பது. பிறகு "போன வருடத்தோடு ஒப்பிட்டால் கூடவா, அதேயளவா, குறைவா?" அதன்பின் "ஏன்?" என்று வெறும் கோடு விடுங்கள், அவர் தன் வாயால் சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் காரணப் பட்டியல்: டேட்டா செலவு, ஆட்ட நேரம், வேலை, விருப்பமான வீரர் விலகியது, டீவி பக்கேஜ், அணி தோற்பது, வீரர்களின் அரசியல். கூகுள் ஃபோமில் தெரிவுகளின் ஒழுங்கைக் கலைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ளதற்கே கூடுதலாக விழும்.

இதுவும் "சொன்னது" மட்டும்தான். தாக்கத்தை அளக்க வேண்டுமானால் இரண்டு வடிவம் தேவை. "உங்கள் பிறந்த திகதி ஒற்றையா இரட்டையா?" என்று முதலில் கேட்டு, விடைக்கேற்ப வேறு பிரிவுக்கு அனுப்புங்கள். ஒற்றைக்காரர் வீரர் முழந்தாளிட்ட ஐந்து வரிச் செய்தியை வாசிக்கட்டும், இரட்டைக்காரர் அதே வீரர் பயிற்சிக்கு வந்த ஐந்து வரிச் செய்தியை. பிறகு இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: "இந்த அணியின் அடுத்த ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பீர்களா?" வாசித்தவருக்கு எதை அளக்கிறீர்கள் என்றே தெரியாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். எழுமாற்றாக எடுத்த 200 பேரின் வழு ஏறக்குறைய 7 வீதம் கூடவோ குறையவோ. நூறு நூறாகப் பிரித்தால் இரு குழுவுக்கும் இடையில் 14 வீத வித்தியாசம் வந்தால்தான் நம்பலாம். 7 வீத வித்தியாசத்தை அப்படி நம்ப ஒரு குழுவுக்கு 400 தேவை. வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டு எடுத்தால் அது எழுமாற்று மாதிரியே அல்ல, இந்தக் கணக்கும் பொருந்தாது. வந்தாறுமூலை நண்பர்களோடு நிறுத்தாமல் ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் என்று ஆட்களைப் பங்கிடுங்கள். அம்பாறை நகரத்துக்குச் சிங்கள வடிவம் கட்டாயம். மொழிபெயர்த்ததை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். 15 பேரிடம் ஒத்திகை முடித்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும். மின்னஞ்சல் சேகரிப்பதை நிறுத்திவிடுங்கள், பெயர், அடையாள அட்டை இலக்கம் ஒன்றும் வேண்டாம். அரசியல் என்ற சொல்லைக் கண்டதும் எங்கட சனம் "தெரியாது" என்று குறித்துவிட்டுப் போய்விடும்.

வந்தாறுமூலை மாணவி:

மிக்க நன்றி. தலைப்பை உதைபந்தாட்டத்தோடு நிறுத்தி, ஒற்றை – இரட்டை முறையில் போகிறேன். ஒரு சந்தேகம். அந்த ஐந்து வரிச் செய்தியில் வீரர் எதற்காக முழந்தாளிட்டார் என்று எழுதலாமா? பொலிஸ் என்று வந்தால் ஆட்கள் தயங்குவார்களோ என்று யோசனை.

வாவிமீன்:

எழுதத்தான் வேணும், தங்கச்சி. கெப்பர்னிக் சொன்னது கறுப்பின மக்கள் மேல பொலிஸ் செய்யிற வன்முறை. ட்ரம்ப் சொன்னது கொடிக்கு அவமரியாதை. முழந்தாள் ஒண்டுதான், கதை ரெண்டு. எந்தக் கதையைக் கேட்டவர் எண்டதைப் பொறுத்துத்தான் கோவம் வாறது. நீங்க காரணத்தை விட்டா வாசிக்கிறவர் தனக்குப் பிடிச்ச காரணத்தைப் போட்டு நிரப்பிப் போடுவார், மறுகா நீங்க எதை அளந்தீங்க எண்டு உங்களுக்கே தெரியாது. இங்கிலாந்து வீரரைப் பற்றி "இனவாதத்துக்கு எதிராக" எண்டு ஒரே சொல்லில எழுதுங்க. அந்தச் செய்தியில பொலிஸும் வராது, எங்கட நாட்டுப் பேரும் வராது.

கல்லாறு கணக்கு:

வாவிமீன் சொல்வது சரி. "இனவாதத்துக்கு எதிராக" ஒரு வடிவம், காரணம் சொல்லாத இன்னொரு வடிவம், பயிற்சிச் செய்தி மூன்றாவது என்று ஆசைப்பட வேண்டாம். 200ஐ மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு 67 கூட வராது, நம்பக்கூடிய ஆகச் சிறிய வித்தியாசம் 17 வீதத்துக்குப் போய்விடும். இரண்டு வடிவம்தான். செய்தி இரண்டும் ஒரே நீளமா, வீரர் பெயர், கழகத்தின் பெயர் ஒரே இடத்தில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் அந்த 15 பேரிடம் கடைசியாக "இந்த வினாக்கொத்து எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பாதிக்கு மேல் "முழந்தாளிடுவதைப் பற்றி" என்று சொன்னால் செய்தியைத் திருத்தி எழுத வேண்டும்.