ஆஃப்ரிக்கான்ஸ்ல 'பக்லேய்'னா என்ன? மலாய் மாதிரியே இருக்கே

தோபாயோ_குமார்:
எங்க ஆபீஸ்ல தென்னாப்பிரிக்கா கேப்டவுன்காரர் ஒருத்தர் இருக்கார், அங்க பேசுற ஆஃப்ரிக்கான்ஸ்தான் அவர் மொழி, லஞ்ச் நேரத்துல வீட்டுக்கு வீடியோ கால் போடுவாரு, அந்தப் பக்கம் பசங்க சண்டை போட்டா "முனி பக்லேய் நி!"ன்னு ஒரு அதட்டு அதட்டுவாரு. நேத்து பக்கத்துல நாசி லெமாக் சாப்பிட்டுட்டு இருந்த மலாய்க்கார அண்ணன் டக்குனு திரும்பி, என்னது பெர்கெலாஹியா (மலாய்ல சண்டை போடுறது), இவருக்கு மலாய் தெரியுமாங்கிறாரு. தெரிமா காசிக்கு (நன்றி) மேல கேப்டவுன்காரருக்கு ஒண்ணும் தெரியாது. ஒலி சும்மா ஒத்துப்போகுதா, இல்ல நிஜமாவே ஒரே சொல்லா? எப்படி யூஸ் பண்றதுன்னும் சொல்லுங்க.

சாங்கி_சாமி:
ஒரே சொல்தான் ப்ரோ. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1652ல கேப்ல, அதாவது இப்ப கேப்டவுன் இருக்கிற இடத்துல, போற வர்ற கப்பலுக்குத் தண்ணி, காய்கறி ஏத்த ஒரு இடம் போட்டான். ஆசியாவுல அவனுக்குத் தலைமையிடம் பத்தாவியா, இப்ப ஜகார்த்தா. அங்கேர்ந்து அடிமைங்களையும் கம்பெனிய எதிர்த்தவங்களையும் கேப்புக்குக் கப்பலேத்துனான். கம்பெனிய எதிர்த்த மக்காசார் இஸ்லாமிய அறிஞர் ஷேக் யூசுஃபை மொதல்ல இலங்கைக்கு நாடு கடத்தி, அங்கேர்ந்து 1694ல கேப்புக்கு அனுப்புனான். கேப் அடுப்படியிலயும் தெருவுலயும் மலாய் புழங்குச்சு, அதுல ஒட்டிக்கிட்டதுதான் இது. 'பெர்' எங்க போச்சுன்னு கேப்பீங்க, இந்தோனேசியாவோட கிழக்குத் தீவுங்கள்ல பெர்ன்னு சொல்லாம வெறும் 'ப'ன்னுதான் சொல்வாங்க, அம்போன் பக்கம் இன்னிக்கும் 'பக்கலாய்'தான். நம்ம சிங்கப்பூர் மலாய்க்காரங்க பேச்சுல சண்டைக்குக் காடோ, பெர்காடோன்னுதான் அதிகம் வரும், அதனால நமக்குச் சட்டுனு பிடிபடாது.

ஈசூன்காரன்:
டச்சுலயே 'பக்கெலெயன்' இருக்கே, அதுலேர்ந்து வந்திருக்கலாம்ல? ஆஃப்ரிக்கான்ஸ்ல பாதிக்கு மேல டச்சுதானே.

சாங்கி_சாமி:
பாதி என்ன, கிட்டத்தட்ட எல்லாமே டச்சுதான். ஆனா அந்தப் பக்கெலெயனே மலாய்லேர்ந்து மாலுமிங்க ஊருக்குக் கொண்டுபோனது. டச்சுல அது பெரும்பாலும் வாய்ச்சண்டை, இழுபறி. ஆஃப்ரிக்கான்ஸ்ல கைகலப்பும் சேரும்.

மாலா_அக்கா:
நான் ஜொகனஸ்பர்க்ல வேலை பாத்தவ, யூஸேஜ் நான் சொல்றேன் தம்பி. ரொம்ப ஈசி, நம்ம சண்டை போடுறேன் போடுறான் போடுறாங்க கூத்தெல்லாம் கிடையாது. எக் (நான்) பக்லேய், ஹுல்லெ (அவங்க) பக்லேய், யாரா இருந்தாலும் அதே. நடந்து முடிஞ்சதுன்னா முன்னாடி 'ஹெட்' போடணும், ஹுல்லெ ஹெட் பக்லேய், சில பேர் கெபக்லேய்னும் சொல்வாங்க. எதுக்காகச் சண்டைங்கிறதுக்கு 'ஓர்', ஹுல்லெ பக்லேய் ஓர் டி பல்னா பந்துக்காக அடிச்சிக்கிறாங்க. பசங்க, நாய்ங்க, புருஷன் பொண்டாட்டி எல்லாத்துக்கும் பொருந்தும். போர், ராணுவம்னு வந்தா 'ஃபெக்', அது டச்சு வழி, அங்க போய் பக்லேய்னு சொன்னா சில்லறைச் சண்டை மாதிரி ஆயிடும். உங்க ஆள் சொன்ன முனியும் கடைசி நியும் சேர்ந்துதான் 'வேணாம்', ரெண்டு தடவை மறுப்பு போடுறது அவங்க பழக்கம். அடுத்த தடவை கால் வரும்போது "ஹுகொம் பக்லேய் யுல்லெ?"ன்னு கேட்டுப் பாருங்க, ஏன் சண்டை போடுறீங்கன்னு அர்த்தம், பசங்க கப்சிப்னு ஆயிடும்.

தோபாயோ_குமார்:
சூப்பர்க்கா, எழுதி வச்சிக்கிட்டேன். இதே மாதிரி வேற மலாய்ச் சொல் இருக்கா?

சாங்கி_சாமி:
நிறைய. வாழைப்பழம் பிசாங், தட்டு பீரிங், பாஜுதான் பாய்கி, ஜாக்கெட்டைச் சொல்வாங்க. 'ரொம்ப'ங்கிறதுக்கு அவங்க சொல்ற பாய கூட பான்யாக்தான். என்எஸ்ல (கட்டாய ராணுவ சேவை) செடியா, செனாங் டிரின்னு மலாய்ல கட்டளை கேட்டு வளந்த நமக்கு இதெல்லாம் சுலபமா ஒட்டும்.

தெக்கா_ராஜா:
எல்லாரும் மலாய் மலாய்ன்னே பேசுறீங்க, படுக்கிற கட்டிலை விட்டுட்டீங்களே. மலாய்ல காத்தில், ஆஃப்ரிக்கான்ஸ்ல காட்டெல், போர்ச்சுகீஸ் வழியா போச்சா மலாய் வழியா போச்சான்னு அடிச்சிக்குவாங்க, எந்த வழியா போனாலும் சொல்லு நம்மளது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்ப டச்சுக்காரன் கையில இருந்துச்சு, சோழமண்டலக் கரையிலேர்ந்தும் கேப்புக்கு அடிமைங்கள ஏத்துனான். அந்தக் காலத்துக் கேப் பதிவுல பேருக்குப் பின்னாடி 'ஃபான் கோரமாண்டல்'னு இருக்கிறவங்க அவங்கதான், அவங்களைப் பத்தி ஒரு வரி கூட இங்க யாரும் எழுதலையே.