வலி மாத்திரை சாப்பிட்ட அம்மாவுக்கு ஃபிட்ஸ் வந்தது, மாத்திரைதான் காரணமா?

கோத்தகிரி மகள்:
அம்மாவுக்கு 58 வயது, கொழுந்து பறிக்கப் போகிறவர். போன வாரம் மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் நல்ல அடி, எலும்பு முறியவில்லை. டிராமடால் 50 மி.கி. காலையும் இரவும் போடச் சொன்னார்கள். வலி பொறுக்காமல் நடுவில் இன்னும் இரண்டு போட்டிருக்கிறார், அட்டையை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது, கண் மேலே செருகி கை கால் இழுத்துக்கொண்டது. இரண்டு நிமிடம் இருக்கும். 108-ஐ அழைத்துக் கூட்டிப்போனோம், இப்போது தெளிவாக இருக்கிறார். இதற்கு முன் வலிப்பே வந்ததில்லை. தூக்கத்துக்காக ஒரு வருடமாக அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறார், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

குன்னூர் மெடிக்கல்:
பதினைந்து வருடமாக மருந்துக்கடையில் இருக்கிறேன். அக்கா, மந்திரிக்க வேண்டாம், அந்த இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். டிராமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்து, ஆனால் அதோடு மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களையும் கூட்டிவிடும். வலிப்பு வருவது அதற்குத் தெரிந்த பக்க விளைவுதான். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரை, அதுவும் தனியாகவே வலிப்பை எளிதாக்கும், இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

பழனிமலைக்காரன்:
ஆனால் ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை போகலாம் என்கிறார்களே, அவர் 200தானே சாப்பிட்டிருக்கிறார்?

குன்னூர் மெடிக்கல்:
400 என்பது உடம்பு நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கான உச்சம். அதற்குள்ளேயே வலிப்பு வந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே வலிப்பு நோய், தலையில் அடி, குடிப்பழக்கம் இருந்தால் ஆபத்து கூடும். கிட்னி பழுதானவர்களுக்கு மருந்து வெளியேறாமல் தேங்கும், அவர்களுக்கு அளவைக் குறைக்கத்தான் வேண்டும். பெத்திடின் என்ற வலி ஊசியிலும் இப்படித்தான், அது உடம்பில் மாறி உண்டாகும் நார்பெத்திடின் கிட்னி சரியில்லாதவர்களிடம் சேர்ந்து வலிப்பை வரவழைக்கும். 2018-இலிருந்து டிராமடால் போதைமருந்துச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, சீட்டு இல்லாமல் கேட்டு வருகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஊட்டி நர்ஸ்:
மாத்திரை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விழுந்தபோது தலை எங்கேயாவது இடித்ததா? முதல் தடவை வலிப்பு என்றால் ரத்தத்தில் சர்க்கரை, சோடியம் (உப்பு) பார்க்க வேண்டும், தலை ஸ்கேனும் தேவைப்படலாம். டாக்டர் சொல்லும் வரை டிராமடாலை மறுபடி கொடுக்காதீர்கள். அமிட்ரிப்டிலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரையே கேளுங்கள். மறுபடி இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், இல்லை அடுத்தடுத்து வந்தால், உடனே 108. மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும், காத்திருந்து பார்க்காதீர்கள்.

கோத்தகிரி மகள்:
தலை இடித்ததா என்று இப்போது கேட்டேன், காதுக்குப் பின்னால் வீக்கம் இருப்பதை இத்தனை நாள் சொல்லவே இல்லை. காலையில் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஜீப் பிடித்துப் போகிறோம், அட்டைகள் என் பையில் இருக்கின்றன.